உங்களுக்குத் தெரியுமா? டார்ச் லைட்டின் நிலவுக் கணக்கு

ஆடிக் கிருத்திகைக்குக் கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்கு இரவில் நடந்து போகிறவருக்கு, சட்டைப்பையில் அடங்கும் சார்ஜ் டார்ச் நல்ல துணை. வாங்கும்போது அட்டையில் ‘200 மீட்டர்’ என்று போட்டிருக்கிறதே, அது எதைச் சொல்கிறது?

பௌர்ணமி நிலவை! அமெரிக்காவில் உருவான எஃப்எல்-1 தரவிதிப்படி, ஒளி 0.25 லக்ஸாக, ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சமாகக் குறையும் தூரமே அந்த எண். சாலையோரப் பள்ளம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அதில் பாதியை வைத்துக்கொள்ளலாம். பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு. எரியும் நேரத்திலும் இதே கதைதான்: தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை மணி எண்ணுகிறார்கள்.

பேட்டரிதான் இன்னும் வேடிக்கை. பல டார்ச்சுகளைத் திருகித் திறந்தால் உள்ளே இருப்பது 18650 செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், பெயரே அளவு. நல்ல தயாரிப்புகளிலேயே அதன் கொள்ளளவு சுமார் 3,500 எம்ஏஎச்தான். ஆனால் 9,900 என்று கூசாமல் அச்சடித்த செல்களும் சந்தையில் உண்டு.

அந்த எண்ணைப் பார்த்தால், பேரம் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.