இ-ரீடர் வாங்கப் போறீங்களா? விலையை விட சாஃப்ட்வேரைப் பாருங்க!

ஐடிஆர் ஃபைல் பண்ண நம்ம துடியலூர் ஆபீசுக்கு ஒரு தம்பி வந்திருந்தார். சரவணம்பட்டியில் ஐடி வேலை. "போனஸ் வந்திருக்குங்ணா. கிண்டில், கோபோ, பூக்ஸ்... எதை வாங்கலாம்?"னு கேட்டார். கையில் விலைப் பட்டியல் மட்டும்தான் இருந்தது.

மூணுலயும் திரை இ-இங்க் தொழில்நுட்பம்தான். வித்தியாசம் சாஃப்ட்வேரில் இருக்கு. நீங்க வாங்குற புத்தகம் சொத்தா, வாடகையான்னு முடிவு பண்றதும் அதுதான்.

கிண்டில்: 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்னூல் விக்கறாங்க. தேடுறது, வாங்குறது எல்லாமே சுலபம். ஆனா நீங்க காசு கொடுக்கிறது படிக்கும் உரிமத்துக்குத்தான். 2009-ல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நூலின் சில பிரதிகளை, உரிமைப் பிரச்சினையால் வாசகர்களின் கருவியிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது. வாங்கின நூலை வெப்சைட்டிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி, கேபிள் வழியா ஏத்துற வசதியும் 2025 பிப்ரவரி 26-ல் நின்னுபோச்சு.

கோபோ: இபப் ஃபைலை கேபிளில் காப்பி பண்ணினாலே திறக்கும். கிண்டிலில் அதை 'சென்ட் டு கிண்டில்' வழியா அனுப்பி மாத்திக்கணும். ஆனா உங்களுக்குப் பிடிச்ச தமிழ் எழுத்தாளர்கள் கோபோ கடையில் இருக்காங்களா, வாரண்டி இங்க செல்லுமான்னு முதல்லயே பாருங்க.

பூக்ஸ்: ஆண்ட்ராய்டு. கிண்டில், கோபோ ரெண்டு ஆப்பும் போட்டுக்கலாம். பொதுவா விலை அதிகம், சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். மாசம் 300 ரூபாய்க்கு மின்னூல் வாங்கினா, 5 வருஷத்தில் 18,000 ரூபாய். கருவி ஒரு தடவைச் செலவு. கடைக்குப் போறது தொடர் செலவு. வேற பிராண்டுக்கு மாறும்போது அந்த 18,000 ரூபாய் நூல்கள் கூட வருமா? இதைத்தான் கேட்கணும்.

புதுத் தமிழ் நூல்கள்தான் வேணும்னா கிண்டில் போதும், வாடகைன்னு தெரிஞ்சே வாங்குங்க. சொந்த ஃபைல்கள் நிறைய இருந்தா கோபோ. ரெண்டும் வேணும், கையில் காசும் இருக்குன்னா பூக்ஸ். எதையும் இஎம்ஐ-யில் வேண்டாம்.

அதுக்கு முன்னாடி ஒரு மாசம் போனிலேயே படிச்சுப் பாருங்க. கிண்டில் ஆப் இலவசம். 1998-ல் தொடங்கின மதுரைத் திட்டத்தில் 'பொன்னியின் செல்வன்' கூட இலவசமா கிடைக்குது. முதல் பாகத்தை முடிச்சீங்கன்னா, தைரியமா இ-ரீடர் வாங்கலாம். முடிக்கலைன்னா போனஸ் மிச்சம்!