ஈயம் உருகினால் போதாது, பற்ற வேண்டும்!

பெங்களூர் சிட்டி மார்க்கெட் அருகே எஸ்.பி. ரோட்டில் நுழைந்தால், கடைக்குக் கடை ஒயர், சர்க்யூட் போர்டு, சால்டரிங் அயர்ன். 1948-ல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954-ல் பாரத் எலக்ட்ரானிக்சும் தோன்றிய நகரம் அல்லவா! பழுது பார்க்கும் சிறு கடை முதல் பெரிய தொழிற்சாலை வரை, ஈயம் வைக்கத் தெரிந்த கைக்குத் தனி மதிப்பு உண்டு.

தொடங்குவதற்கு அதிகச் செலவில்லை. 25 வாட் சால்டரிங் அயர்ன், அதை வைக்க ஒரு ஸ்டாண்டு, உள்ளே பிளக்ஸ் அடைத்த ஈயக்கம்பி, நுனியைத் துடைக்க ஈரப் பஞ்சு, பழைய ஒயர்த் துண்டுகள். இவை போதும்.

பாத்திரக்காரர் வழி

ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைத் தேய்த்து, சூடேற்றி, நவச்சாரம் தூவிய பிறகே ஈயத்தைத் தொடுவார்கள். களிம்பு உள்ள இடத்தில் ஈயம் பிடிக்காது. ஒயருக்கும் அதே விதிதான். நவச்சாரத்தின் வேலையை இங்கே பிளக்ஸ் செய்கிறது. ஆனால் நவச்சாரத்தையோ ஆசிட்டையோ ஒயரில் தடவிவிடாதீர்கள். மிச்சம் தங்கிச் செம்பை அரித்துவிடும்.

எதைச் சூடாக்குவது?

புதியவர்கள் பலர் அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி, ஒயர் மேல் சொட்ட விடுகிறார்கள். அது ஒட்டியதுபோல் தெரியும், ஒட்டியிருக்காது.

முதலில் இரு ஒயர்களின் முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து, நன்றாக முறுக்குங்கள். முறுக்கின் அடியில் அயர்னை வைத்துச் சூடாக்குங்கள். ஈயக்கம்பியை மேல்புறத்தில், ஒயரின் மீது தொடுங்கள். ஒயரின் சூட்டிலேயே ஈயம் உருகி இழைகளுக்குள் ஓட வேண்டும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி சென்டிகிரேடில் உருகத் தொடங்கும். மெல்லிய ஒயருக்கு இரண்டு மூன்று விநாடி போதும். பிறகு ஈயக்கம்பியை எடுங்கள். அடுத்து அயர்னை எடுங்கள். ஈயம் இறுகும்வரை ஒயரை அசைக்கக் கூடாது.

நல்லதா, கெட்டதா?

நன்றாகப் பற்றிய ஈயம் ஒயரைத் தழுவிப் படர்ந்திருக்கும். பற்றாதது உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். இதை 'டிரை சால்டர்' என்பார்கள். இன்று வேலை செய்யும். நான்கு நாளில் விட்டுவிட்டு வரும். அதிக மின்சாரம் ஓடும் இடமென்றால் சூடேறி ஆபத்தும் வரும்.

பிளக், சுவிட்ச் ஆகியவற்றின் ஸ்குரூவில் மாட்டும் முனைக்கு ஈயம் வைக்காதீர்கள். ஸ்குரூவின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கும், பிடிப்பு தளரும். அங்கேதான் ஒயர் கருகித் தீப்பிடிக்கிறது.

கையைக் கழுவுங்கள்!

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பிளக்ஸ் புகை மூச்சுக்குக் கெடுதல். காரீயம் கையில் ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ, பீடி, சாப்பாடு எதையும் தொடாதீர்கள். எந்தச் சாதனமானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே 50 துண்டு ஒயரை ஒட்டிப் பாருங்கள். ஆறியதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். விட்டுப்போகிறவை குறையக் குறைய, கை தேறிவருகிறது என்று பொருள்.