தாயைக் காக்கும் உப்பு

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும் மாணவர் அனைவரும் மக்னீசியம் சல்பேட்டை அறிவர். வெண்மையான படிகம்; நீரில் எளிதில் கரைவது. 'எப்சம் உப்பு' என்றும் 'பேதி உப்பு' என்றும் கடைகளில் கிடைப்பது இதுவே. விலையோ மிகக் குறைவு. இந்த எளிய உப்பு, ஊசி மருந்தாகிச் சாவின் வாயிலிலிருந்து தாய்மாரை மீட்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

பேறுகால வலிப்பு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் முன்னோர். அதனை அவ்வாறு ஆக்கும் நோய்களுள் ஒன்று பேறுகால வலிப்பு. கருவுற்று 20 வாரங்களுக்குப்பின் சில பெண்களுக்கு இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டுகிறது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. நஞ்சுக்கொடிக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் போதிய அளவு விரியாமையே பெரும்பாலும் இதன் தொடக்கமாகும். நாளடைவில் உடலெங்கும் உள்ள குருதி நாளங்கள் பழுதுறுகின்றன. மூளையும் தப்புவதில்லை. முடிவில் வலிப்பு வருகிறது. மருத்துவர் இதனை 'எக்லாம்ப்சியா' என்பர். ஒளிவீச்சைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மின்னலைப்போல் திடீரெனத் தாக்கும் நோய்க்குப் பொருத்தமான பெயரே!

என் பாட்டியின் தங்கை தலைப்பிரசவத்தில் இவ்வாறுதான் இறந்தாராம். "காத்துக் கறுப்பு" என்று மந்திரிப்பவரை அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பாட்டி சொல்வார்.

ஐயம் தீர்த்த ஆய்வுகள்

இவ்வலிப்புக்கு எம்மருந்து சிறந்தது? அமெரிக்க மருத்துவர் பல ஆண்டுகளாக மக்னீசியம் சல்பேட்டையே நம்பினர். பிற நாடுகளில் பலர், பேதி உப்பு வலிப்பை நிறுத்துமா என்று ஐயுற்று, டயசிபாம், பெனிடாயின் ஆகியவற்றைக் கையாண்டனர். வாதத்தால் தீராத இவ்வழக்கை ஆய்வு தீர்த்து வைத்தது.

இந்தியா உள்ளிட்ட 9 நாடுகளில், வலிப்புக் கண்ட ஏறத்தாழ 1,700 பெண்களிடம் நடந்த கூட்டாய்வின் முடிவு 1995இல் வெளிவந்தது. யாருக்கு எம்மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. டயசிபாம் பெற்றவர்களுள் நூற்றுக்கு 28 பேருக்கு வலிப்பு திரும்ப வந்தது; அவர்களோடு ஒப்பிடப்பட்ட மக்னீசியக் குழுவில் 13 பேருக்கே வந்தது. பெனிடாயினோடு ஒப்பிட்டபோது 17க்கு 6 என்று மக்னீசியமே வென்றது.

வருமுன் காக்க இயலுமா என்பது அடுத்த வினா. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு 2002இல் விடை தந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுள் ஆயிரத்துக்கு 19 பேருக்கு வலிப்பு வந்தது; மக்னீசியம் பெற்றவர்களுள் 8 பேருக்கே வந்தது.

முழங்காலே காவலன்

மக்னீசியம் நரம்பணுக்களின் மிகையான கிளர்ச்சியை அடக்குகிறது. அளவு மிஞ்சினால் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுவிடும். ஆனால் அதற்கு முன்னரே முழங்காலைத் தட்டினால் கால் உதறும் இயல்பு மறைந்துவிடுகிறது. எனவே செவிலியர் முழங்காலைத் தட்டியும், மூச்சை எண்ணியும், சிறுநீரை அளந்தும் காவல் காக்கின்றனர். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. முறிமருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டு அருகிலேயே இருக்கும்.

இவ்வுப்பு சேயையும் காக்கிறது. குறைமாதத்தில் பிறக்கவிருக்கும் குழந்தையின் தாய்க்கு இதைச் செலுத்தினால், குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு குறைகிறது என்று 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

நம் கடமை

மருந்து இருந்தால் மட்டும் போதுமா? நோயை உரிய காலத்தில் அறிய வேண்டாமா? கருவுற்ற பெண் ஒவ்வொரு முறையும் தவறாமல் இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும். தாங்கொணாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவை அபாய அறிவிப்புகள். பேறு முடிந்தபின்னும் சில நாள்கள் விழிப்பு வேண்டும். வலிப்பு அப்போதும் வரலாம். இக்குறிகளைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் பாட்டியின் தங்கைக்குக் கிட்டாத உப்பு, இன்று அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணை அதனிடம் காலத்தோடு கொண்டுசேர்ப்பதே கல்வி கற்ற நம் கடமையாகும்.