ஆஸ்திரேலியாவுக்கு வாழைத்தார் சுமக்கப் போறியளா?

முப்பதைத் தாண்டியவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். நானும் அந்தக் கோஷ்டிதான். 31-வது பிறந்தநாள் வந்ததும் ஆஸ்திரேலியா கதவைச் சாத்திவிடுகிறது. 18 முதல் 30 வரை உள்ள தம்பிகளே, கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ என்று ஒரு விசா. நம்பர் 462. ஒரு வருடம் ஊர் சுற்றலாம். செலவுக்கு வேலையும் பார்க்கலாம். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் புண்ணியத்தில், 2024 செப்டம்பர் 16 முதல் நமக்கும் உண்டு. வருடத்துக்கு 1,000 சீட். குலுக்கலில் பெயர் விழவேண்டும். அந்த அக்டோபரில் முதல் பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் சுமார் 40 ஆயிரம் பேர்! பாபநாசத்து ஆடி அமாவாசைக் கூட்டம்தான்.

கூட்டம் சேர்ந்தால் புரோக்கர் துண்டை விரிக்காமல் இருப்பாரா? விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் அடுத்த தெருப் பையன், பி.காம். முடித்து அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன், வந்து நின்றான்.

“அண்ணே, மூணு லட்சம் கேக்காரு. பழம் பறிக்கிற வேலை உறுதியாம். பண்ணையிலேருந்து லெட்டரே வாங்கித் தந்திருவாராம்.”

“ரூவாய்க்கு என்னல செய்வ?”

“அம்மா வளையல் இருக்குல்லா...”

நானும் பி.காம்.தான். இருவரும் பேப்பரை எடுத்து உட்கார்ந்தோம்.

குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க 25 டாலர். டாலர் 55 ரூபாய் என்று குத்துமதிப்பாக வைத்தால் 1,375 ரூபாய். பெயர் விழுந்தால் 28 நாளுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; 2024-25-ல் கட்டணம் 650 டாலர். பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பாவது வேண்டும். ஓரளவு இங்கிலீஷ், பாங்கில் சுமார் 5,000 டாலர், போகவர டிக்கெட் காசு. இதில் பண்ணைக்காரர் லெட்டர் எங்கே? கிடையாது! வேலையை அங்கே இறங்கி நாமேதான் தேடணும். குலுக்கலுக்குள் கையை விட எந்தப் புரோக்கராலும் முடியாது. மற்ற வெளிநாட்டு வேலைகளுக்கு, மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட்டே சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அப்புறம் மூணு லட்சம் எதற்காம்?

சரி, வேலை எப்படி? குயின்ஸ்லாந்தில் டல்லி பக்கம் வருடம் முழுக்க வாழை. மில்டுராவில் பிப்ரவரியிலிருந்து திராட்சை. வாழைத்தார் என்ன கனம் கனக்கும் என்பதைக் களக்காட்டில் தார் சுமக்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“பிசானத்துக்கு நாத்து நட ஆளில்லன்னு ஒங்கப்பா அலையும்போது வரப்புலகூட நிக்காதவன்லா நீ?”

“அது வயலுண்ணே. இது ஃபார்ம்!”

கூலி மணிக்குச் சுமார் 30 டாலர். இத்தனை பெட்டிக்கு இவ்வளவு என்று பேசினாலும், 2022 ஏப்ரல் 28 முதல் குறைந்தபட்ச மணிக்கூலிக்குக் கீழே தரக்கூடாது என்பது சட்டம். முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி. மழை பெய்தால் வேலை இல்லை. விடுதி வாடகைக்கு மட்டும் மழை, வெயில் கிடையாது.

இன்னொரு கொக்கி இருக்கிறது. அரசு குறித்துள்ள வட்டாரங்களில் மூன்று மாதம் இப்படி வேலை பார்த்தால், இரண்டாம் வருட விசா கேட்கலாம். அந்த ஆசையில்தான் பல நாட்டுப் பையன்களும் கூலியில் வெட்டு விழுந்தாலும் வாயைத் திறப்பதில்லை. சம்பளச் சீட்டை வாரா வாரம் கேட்டு வாங்குங்கள். எந்த ஊரில் எப்போது என்ன அறுவடை என்று அந்த நாட்டு அரசின் ‘ஹார்வெஸ்ட் டிரெயில்’ காசு வாங்காமலே சொல்கிறது.

பதிவு செய்யப் பாஸ்போர்ட்டோடு பான் கார்டும் வேண்டும். நம்மாட்களுக்கு இனிஷியல் வில்லங்கம் இங்கேதான். பையனின் பாஸ்போர்ட்டில் அவன் பெயர் மட்டும். பான் கார்டில் அப்பாவும் கூடவே நிற்கிறார். திருத்தக் கொடுத்திருக்கிறான். வளையல் இன்னும் அம்மா கையில்தான் இருக்கிறது.