நான்காம் வகுப்பு படித்த கைவினைஞர் வார்த்த ‘ஜெய்ப்பூர் கால்’

புது தில்லி: ஊன்றுகோலுடன் காலையில் வந்தவர் மாலையில் புதுக்காலுடன் நடந்து திரும்புவது ஜெய்ப்பூரில் அன்றாடக் காட்சி. அந்தக் கால் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து அடுக்கி வைக்கப்பட்டதன்று. பாதம் மட்டுமே பல அளவுகளில் முன்னரே வார்க்கப்பட்டிருக்கும். மற்றவை அனைத்தும் வந்தவருக்கு அளவெடுத்து, அவர் காத்திருக்கும்போதே செய்யப்படுபவை. கட்டணமும் கிடையாது.

உலகின் பல நாடுகளில் இன்று வழங்கும் ‘ஜெய்ப்பூர் காலை’ முதலில் வடித்தவர் பொறியாளர் அல்லர். நான்காம் வகுப்பு வரை மட்டுமே படித்த ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். கைவினைக் குடும்பத்தில் பிறந்த அவர், ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பணியில் இருந்தார். அங்கு எலும்பு முறிவு மருத்துவராக இருந்தவர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி.

அக்காலத்தில் கிடைத்த செயற்கைப் பாதங்கள் மேலை நாட்டு வாழ்க்கைக்கென அமைந்தவை. ஷூ அணிந்து, நாற்காலியில் அமர்பவருக்கு அவை போதும். சம்மணமிட்டு உண்பவருக்கும், குந்தி அமர்பவருக்கும், சேற்று வயலில் வெறுங்காலுடன் இறங்குபவருக்கும் அவற்றால் பயனில்லை. ஆகவே, பொருத்திய சில நாள்களிலேயே பலர் அக்காலை மூலையில் போட்டுவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்தனர். மருத்துவமனை கொடுத்த காலை நோயாளி வேண்டாமென ஒதுக்கினால், குறை நோயாளியிடம் இல்லை என்பதை சர்மா கண்டுகொண்டார்.

விடை கிடைத்த இடம் ஒரு பஞ்சர் கடை. மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் சர்மாவின் சைக்கிள் டயரில் காற்று இறங்கிவிட்டது. ஒட்டுப்போடச் சென்ற கடையில் லாரி டயருக்கு வல்கனைசிங் நடந்துகொண்டிருந்தது. இதே ரப்பரில் பாதத்தை வார்த்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. சேத்தியுடன் கலந்து பேசியபின், பாதத்தின் அச்சுடன் அதே கடைக்குத் திரும்பினார். எதற்காக என்பதை அறிந்த கடைக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டாராம்.

பல முயற்சிகளுக்குப் பின் 1968-ம் ஆண்டில் அந்தப் பாதம் உருப்பெற்றது. உள்ளே ஸ்பாஞ்ச் ரப்பரும் மரக்கட்டையும் இருக்கும். அவற்றின் மீது டயர்களில் பயன்படும் நூலிழை ரப்பர் சுற்றப்பட்டு, அச்சில் வைத்துச் சூடேற்றப்படும். வெளித்தோற்றம் மனிதப் பாதத்தைப் போன்றே இருக்கும். பல திசைகளிலும் வளையும். தண்ணீர் பட்டாலும் கெடாது. காலின் எஞ்சிய பகுதி பொருந்தும் குழியைத் தொடக்கத்தில் அலுமினியத் தகட்டை அடித்து உருவாக்கினர். பின்னர், பாசனக் குழாய் போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, நோயாளியின் கால் அச்சின் மீது இழுத்துப் பொருத்தும் முறை வந்தது. அளவெடுத்தல் முதல் நடைப்பயிற்சி வரை ஒரே நாளில் முடிவதற்கு இதுவே காரணம்.

எனினும் கண்டுபிடிப்பு உடனே பரவவில்லை. முதல் ஏழு ஆண்டுகளில் சுமார் 50 பேரே பயன் பெற்றனர். 1975-ம் ஆண்டில் டி.ஆர். மேத்தா ‘பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி’ என்ற அமைப்பைத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. கால், காலிப்பர், சக்கர நாற்காலி என அந்த அமைப்பின் உதவியைப் பெற்றவர்கள் இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். காப்புரிமை பெறப்படாததால் பிற நாட்டவரும் அதைத் தடையின்றிச் செய்துகொண்டனர். ஆனால், பரிசுகள் பெரும்பாலும் மருத்துவரையே நாடிச் சென்றன. 1981-ம் ஆண்டின் மகசாசே விருது சேத்திக்குக் கிடைத்தது. டயர் கடைக்குச் சென்றவரின் பெயரை அறிந்தோர் சிலரே.

தமிழர்களுக்கு இக்கால் புதிதன்று. 1981-ல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலுடன் மீண்டும் மேடையேறினார். அவரே நடித்த ‘மயூரி’ திரைப்படம் அச்செய்தியை வீடுதோறும் கொண்டு சென்றது. போரும் கண்ணிவெடியும் கால்களைப் பறித்த யாழ்ப்பாணத்தில் 1980-களின் பிற்பகுதியிலேயே ஜெய்ப்பூர் கால் நிலையம் இயங்கத் தொடங்கியது.

குறைகளும் உண்டு. கையால் செய்யப்படுவதால் ஒரு கால் போல் மற்றொன்று அமைவதில்லை. எடையும் தரமும் செய்பவரின் கைத்திறனைப் பொருத்தவை. முகாம்களில் ஒரே நாளில் பொருத்தி அனுப்பப்படுவோருக்குப் பின்னர் குழி தளர்ந்தாலோ, புண் ஏற்பட்டாலோ யார் பார்ப்பது என்ற கேள்வியை வல்லுநர்கள் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றனர். தொலைதூரக் கிராமத்திலிருந்து வந்தவர் அதற்காக மீண்டும் ரயிலேறுவது எளிதன்று.

முழங்காலுக்கு மேல் இழந்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. மூட்டு சரியாக மடங்காவிடில் கீழே விழ நேரிடும். இவர்களுக்காகச் சென்னை ஐஐடி, பெங்களூருவைச் சேர்ந்த ‘மொபிலிட்டி இந்தியா’ உள்ளிட்ட அமைப்புகளுடன் இணைந்து ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் மூட்டை 2022-ம் ஆண்டில் வெளியிட்டது. மூட்டு ஆலையில் தயாராகிவிடும். அதன் மேல் பொருந்தும் குழியை மட்டும் இன்றும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளவெடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.