நோயும் பெயரும்

நோயைப் பற்றிப் பேசுங்கால் நாம் பெரும்பாலும் உடலைப் பற்றியே பேசுகிறோம். சில நாள் இருந்து நீங்கும் காய்ச்சலுக்கு அது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் உடன் வாழும் நோயோ உடலோடு நிற்பதில்லை. 'நான் யார்?' என்னும் வினாவை அது எழுப்புகிறது. உற்றார் நம்மை நோக்கும் நோக்கையும் மாற்றிவிடுகிறது. இதற்குத் தக்க சான்று, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றித் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாகக் கூறப்படும் பெரியபுராணத்தில் உண்டு. அந்நிகழ்ச்சியின் களமும் நம் கடலூர் வட்டாரமே.

பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர் மருணீக்கியார். பெற்றோரை இழந்த அவருக்காகவே உயிர் தாங்கியிருந்தவர் தமக்கை திலகவதியார். பின்னர் மருணீக்கியார் சமணம் சார்ந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். அந்நிலையில் வயிற்றைக் குடையும் சூலைநோய் அவரைப் பற்றியது. உடனிருந்தோர் மந்திரித்தும் பீலியால் தடவியும் தீராமையால் கைவிட்டனர் என்கிறார் சேக்கிழார். சமயப் பூசல் ஈண்டு நம் கருத்தன்று. புகழும் பதவியும் பெற்ற ஒருவர் நோயால் தனியரானார் என்பதே நாம் நோக்கத்தக்கது. அவர் பாயையும் பீலியையும் துறந்து, வெள்ளாடை உடுத்து, இரவிலேயே திருவதிகை சென்று தமக்கையின் அடியில் வீழ்ந்தார். பழைய பிரிவைச் சுட்டித் தமக்கையார் கடிந்துரைக்கவில்லை. திருநீறு அளித்துக் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார்.

அங்கு அவர் நாவுக்கரசர் ஆனார். பின்னர்ச் சம்பந்தர் அழைத்தமையால் அப்பர் ஆனார். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் உறவு தந்தது. நோய் ஒரு பெயரைப் பறித்தது. உறவு மற்றொரு பெயரை அளித்தது.

நெடுநாள் நோயுற்ற நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. துன்பத்தை நீக்கிய இறைவன், அவர்தம் குடும்பத்தாரையும் அவர்களுக்கு அளித்ததாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. உடல் தேறுதலோடு உறவு திரும்புதலும் சேர்ந்தே நலம் எனப்பட்டது.

அவ்விருவருக்கும் நோய் நீங்கியது. இன்று நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் உற்றோர் பலருக்கு நோய் நீங்குவதில்லை, அதனோடு வாழவேண்டியுள்ளது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், இயந்திரத்தோடு பிணைந்திருக்கிறார். வருவாய் குறைகிறது. வீட்டின் முடிவுகள் அவரைக் கேளாமலே எடுக்கப்படுகின்றன. ஊராரும் அவரைப் பெயரால் அழையாது 'சுகர்க்காரர்', 'கிட்னி கேஸ்' என்கின்றனர்.

ரமலானில் இவ்வேதனை மிகுகிறது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. தீராத நோயுடையார் நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். எனினும் ஐம்பது ஆண்டு நோன்பு நோற்ற பெரியவர், சஹர் நேரத்தில் வீடே விழித்திருக்க, போர்வைக்குள் முகம் மறைக்கிறார். பசியன்று, தாம் இனி இவ்வீட்டாருள் ஒருவர் அல்லர் என்னும் எண்ணமே அவரை வாட்டுகிறது.

அவரையும் எழுப்பி அருகில் அமர்த்துவோமாக. பிள்ளையின் திருமணப் பேச்சில் அவர் கருத்தையும் கேட்போமாக. நோயாளியைச் சென்று காண்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்கு ஆற்றவேண்டிய கடமைகளுள் ஒன்று என்பது நபிமொழி. சென்று காணும்போது சர்க்கரை அளவை மட்டும் கேட்டுத் திரும்பாமல், அவர் பெயர் சொல்லி அழைத்து, அவர் அறிந்த தொழிலையும் கற்ற நூலையும் பற்றி உரையாடுவோமாக. மருந்து மருத்துவர் தருவது. பெயர் நாம் தருவது.