ஓதமும் வீட்டுச் சுவரும்

ஓதம் என்னும் சொல் வெள்ளத்தையும் அலையையும் குறிக்கும். சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் ஈரத்தையும் குறிக்கும். முன்னது சில நாளில் வடிந்துவிடும். பின்னதோ பல வாரம் வீட்டினுள் தங்கிக் கேடு விளைவிக்கும்.

ஜொகூர் மாநிலத்தார் இதனை நன்கு அறிவர். 2006 டிசம்பரில் சிகாமட், கோத்தா திங்கி முதலிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. நனைந்த சுவர்கள் நன்கு உலருமுன் 2007 ஜனவரியில் மீண்டும் புகுந்தது. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரங்களில் நீர் பல நாள் தேங்கிற்று. மேலைநாடுகளில் வீட்டின் நிலவறைக்குள் நீர் புகுவது பெருந்தொல்லை. இங்கு நிலவறை அரிது. மலாய்க்காரர் பண்டு தூண்கள்மீது மரவீடு அமைத்தனர். நீரும் காற்றும் அடியில் செல்ல வழி இருந்தது. இன்றைய செங்கல் வரிசை வீடுகள் தரையோடு அமைந்தவை. ஆதலின் வெள்ளக் காலத்தில் வீடே நிலவறையின் நிலையை அடைகிறது.

செங்கல்லிலும் சிமெண்டுப் பூச்சிலும் நுண்துளைகள் பல உள. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றின் வழியே நீர் மேலேறும். ஆகவே, வெள்ளம் நின்ற கோட்டிற்கு மேலும் சுவர் நனைந்திருக்கும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்த உப்பு சுவர்மேல் வெண்மையாகப் பூக்கும். புறம் காய்ந்தாற்போல் தோன்றினும் அகம் ஈரமாயிருக்கும். அதன்மேல் சாயம் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சாயம் கொப்புளித்து உரியும். பொங்கலுக்குள் வீட்டைப் புதுக்க விரைவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன யாவை? நீரில் நின்றபடி மின்விசையைத் தொடலாகாது. மின்பணியாளர் சோதித்த பின்னரே விளக்கெரித்தல் வேண்டும். சேறு இறுகுமுன் கழுவுக. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுமாதலின், ரப்பர் காலணியும் கையுறையும் அணிக. ஈரம்பட்ட ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் தோன்றும். அது ஆஸ்துமா உடையார்க்குத் தீங்கு. எனவே, ஊறிய மெத்தையையும் மரத்தூள் பலகை அலமாரியையும் உடனே அகற்றுக. மழை விட்ட வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட விடுக.

சுவர் உலர்ந்ததா என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்பிலும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விடுக. தாளின் உட்புறத்தில் நீர் முத்துமுத்தாய்ப் படிந்திருப்பின் ஓதம் நீங்கவில்லை என்று அறியலாம்.

நூல்களையும் பிறப்புச் சான்று போன்ற தாள்களையும் காப்பது எவ்வாறு? ஒட்டிய ஏடுகளை வலிந்து பிரித்தால் கிழியும். கடும் வெயிலில் இட்டால் நெளியும். நூல்களை நிறுத்திவைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றால் உலர்த்துக. பலவாயின் பையிலிட்டு உறைபெட்டியில் வைக்கலாம். உறைந்த நூலில் பூஞ்சணம் வளராது. பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். சாயம் பூச அடுத்த திங்களும் உண்டு. அழிந்த கையெழுத்துப் படிக்கு மறுபடி கிடையாது. ஆதலின் முதலில் கை வைக்க வேண்டியது நூலலமாரியிலேயே.